மாலைக்கு முன்னால் பத்து நாள்

சமூகப்பணி முதுகலையில் சேர்ந்திருக்கிறேன் என்று சொன்னபோது எங்கள் தெருவில் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: அது படித்தால் என்ன வேலை? குடிக்கிறவர்களைக் குடியிலிருந்து மீட்கிற வேலை என்று ஒருநாள் எரிச்சலில் சொல்லிவைத்தேன். எதிர்வீட்டு அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அதுக்கு எதுக்குட்டி ரெண்டு வருசப் படிப்பு? தசராவுக்கு மாலை போட்டா அவனவன் தன்னால விடுதான். உங்கப்பாவப் பாரு."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். அன்று வரவில்லை. அத்தை சொன்னதை அப்போது நானும் நம்பினேன்.

எங்கள் ஊர் ஏரலுக்குப் பக்கத்தில், ஆற்றை ஒட்டி இருக்கிறது. அப்பா கொத்தனார். அவர் பூசிய சுவரில் தண்ணீர் விட்டால் வழியில் எங்கும் தங்காது என்பார்கள். அப்படிப்பட்ட கை காலையில் காப்பி டம்ளரைப் பிடிக்காது. பாதிக் காப்பி வேட்டியில்தான் போகும். ஒரு கட்டிங் உள்ளே போனால் நடுக்கம் நின்று பூச்சுக் கரண்டியைப் பிடிக்கும். மத்தியானம் ஒன்று, வேலை முடிந்து வரும்போது எத்தனை என்று அவருக்கே தெரியாது. வருடம் முழுக்க இதுதான், நாற்பத்தோரு நாளைத் தவிர.

அந்த நாற்பத்தோரு நாள், கடற்கரை ஊரான குலசையின் முத்தாரம்மனுக்கு. கடலில் முங்கி எழுந்து, மாலை போட்டு, சிவப்பு வேட்டி கட்டி, தெருக்காரர்கள் பொதுவில் போட்டிருக்கும் தசராக் குடிலில் போய்த் தங்கிவிடுவார். சொட்டுக்கூடத் தொடமாட்டார். கடைசிப் பத்து நாள் காளி வேஷம் கட்டுவார். விரதம் முடிந்து காப்புக் கயிற்றை அறுத்த அன்று சாயங்காலமே கடைக்குப் போய்விடுவார். அது வேறு கதை.

மாலை போட்ட மூன்றாம் நாள் அவர்மேல் சாமி வரும். இது எங்கள் தெருவின் வழக்கம் மாதிரியே ஆகிவிட்டது. இரண்டாம் நாள் சாயங்காலம் விரல் நடுங்க ஆரம்பிக்கும். மறுநாள் உடம்பு முழுக்க ஆடும். வேர்த்து ஊற்றும். சுவரைப் பார்த்துப் பேசுவார், செத்துப்போன பெரியப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். பக்கத்து ஊர்களிலிருந்து தட்டில் தேங்காய் பழத்தோடு வாக்குக் கேட்க வருவார்கள். வருடம் முழுக்க "ஏலே, தள்ளி நில்லுல, நாத்தம் தாங்கல" என்று அப்பாவை விரட்டுகிற பெரிய மனுஷர்கள் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் காலில் விழுவார்கள். அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று சொன்னால் உங்களுக்குப் புரியாது.

நான் முதல் வருடம் படிக்கும்போது சாமி ரொம்ப உக்கிரமாக வந்தது. அப்பா தரையில் விழுந்து கைகால் வெட்டி வெட்டி இழுத்தார். வாயிலிருந்து ரத்தம் வழிந்தது. காளிக்கு நாக்கில் ரத்தம் பார், என்று பெண்கள் குலவையிட்டார்கள். நானும் இட்டேன்.

பாளையங்கோட்டையில் இரண்டாம் வருடம் படிக்கும்போது, ஆடி மாதத்தில் ஒரு வகுப்பு. எங்கள் பேராசிரியை கரும்பலகையில் எதுவும் எழுதாமல் மேசைமேல் சாய்ந்துகொண்டு சாதாரணமாகச் சொன்னார்.

"தினமும் குடிக்கிறவர் திடீர்னு நிறுத்தினா ரெண்டாம் நாள், மூணாம் நாள் ரொம்ப ஆபத்து. கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும். சுவத்துல இல்லாத பூச்சியெல்லாம் ஊரும். செத்துப்போனவங்களோட பேசுவாங்க. சிலருக்கு வலிப்பு வந்து நாக்கைக் கடிச்சுக்குவாங்க. டாக்டர் பார்க்காம விட்டா உயிரே போயிடும்."

எல்லாரும் குனிந்து எழுதினார்கள். என் பேனா 'நாக்கை' என்ற இடத்திலேயே நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்தவள் முழங்கையால் இடித்து, என்னடி, காய்ச்சலா, என்றாள். ஆமாம் என்றேன்.

அன்று ஊருக்குப் போகும் பேருந்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஸ்ரீவைகுண்டம் வரை அழுதேன். அப்பாவுக்காக மட்டும் அழவில்லை. கல்லூரிக் கடைசி வருடத்தில், மேலே படிக்கத் தூத்துக்குடி போவதா திருநெல்வேலி போவதா என்று நானும்தான் தட்டோடு போய் வாக்குக் கேட்டிருக்கிறேன். அப்பா சுவரைக் காட்டி, "செவத்த எறும்பு... மேக்க போவுது, மேக்க போவுது" என்றார். நானும் அம்மாவும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். திருநெல்வேலி எங்களுக்கு மேற்கே. நான் இந்தப் படிப்புக்கு வந்ததே அந்த எறும்பு காட்டிய வழியில்தான். படித்த படிப்போ, அப்படி ஒரு எறும்பே இல்லை என்கிறது.

வாரத்தில் இரண்டு நாள் எனக்குக் களப்பணி. நகருக்கு வெளியே, குடியிலிருந்து மீள வருகிறவர்களைத் தங்கவைக்கும் ஒரு மையத்தில். உள்ளே போனதும் இரும்புக் கதவைப் பூட்டிச் சாவியை மாணவிகளான எங்கள் கையில் கொடுத்துவிடுவார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "மேடம், ஒரு நிமிசம் தெறங்க மேடம், வீட்டுக்கு ஒரு போன் மட்டும்" என்று கெஞ்சுவார்கள். அவர்களாவது கெஞ்சினார்கள். நான் யாரிடம் கெஞ்ச? கல்லூரியில் என் அப்பா கொத்தனார், நல்ல உழைப்பாளி, அவ்வளவுதான். வீட்டில் என் அப்பா சாமி. இரண்டு இடத்திலும் வாயைத் திறக்க வழியில்லை. ஆவணி வந்துகொண்டிருந்தது. மாலை போட இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. அந்த நாட்களில் காலண்டர் இருக்கும் சுவரைப் பார்க்காமல் சுற்றிப் போவேன்.

கடைசியில் ஒரு கோழைத்தனம் செய்தேன். அப்பாவை என் களப்பணி அறிக்கையில் ஒரு கேஸாக எழுதினேன். ஆண், ஐம்பத்தொன்று, கட்டட வேலை, பெயர் தரப்படவில்லை. நடுக்கம், வலிப்பு, சாமி என்று நம்பும் குடும்பம், நெருங்கிவரும் விரத நாள், எல்லாவற்றையும் எழுதினேன். பேராசிரியை பாராட்டுவார் என்று நினைத்திருந்தேனோ என்னவோ. சிவப்பு மையில் இரண்டே வரி எழுதியிருந்தார். 'இவர் விரதம் தொடங்கும் முன் பத்து நாளாவது மருத்துவர் கண்காணிப்பில் இருக்க வேண்டும். உங்களுக்கு இவ்வளவு தெரிந்தும் ஏன் இன்னும் அழைத்து வரவில்லை?'

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் அந்த நோட்டை மூடிவைத்தேன்.

முதலில் அம்மாவிடம் சொன்னேன். மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை கிரைண்டரை நிறுத்தவில்லை. பிறகு நிறுத்திவிட்டு, கையில் மாவோடு என்னைப் பார்த்தாள்.

"அப்போ அது முத்தாரம்மை இல்லங்கியா?"

"எம்மா, அது நோய். இந்த வருசம் உயிருக்கே ஆபத்து."

"ஏட்டி, நான் ஒண்ணு சொல்லுதேன் கேளு. வருசத்துல அந்த நாப்பத்தோரு நாளுதான் எனக்குப் புருசன் இருக்காவ. அந்த நாப்பத்தோரு நாளுதான் இந்தத் தெருவுல என்னைய மரியாதையா மயினின்னு கூப்பிடுதாவ. அதையும் நீ படிச்சுட்டு வந்து கெடுத்துராத."

மறுபடி கிரைண்டரைப் போட்டாள். அவள் சொன்னதில் பொய் எங்கே இருக்கிறது?

அப்பாவிடம் அவர் வேலை பார்க்கும் இடத்துக்கே போய்ச் சொன்னேன். சாரத்தில் இருந்து இறங்கி வந்து, மணல் குவியலில் உட்கார்ந்து கேட்டார். கத்துவார் என்று நினைத்தேன். கரண்டியில் ஒட்டியிருந்த கலவையை விரலால் வழித்துக்கொண்டே இருந்தார்.

"எனக்கு அந்த மூணாம் நாளு என்ன நடக்குன்னே தெரியாதுட்டி. முழிச்சுப் பாத்தா எல்லாரும் கும்பிட்டுக்கிட்டு நிக்காவ. சரி, அம்மைதான் வந்திருக்கான்னு நானும் நெனைச்சுக்கிடுவேன். போன வருசம் நாக்கு பிஞ்சு எட்டு நாளு கஞ்சிதான் குடிச்சேன்." கரண்டியைக் கீழே வைத்தார். "பயமாத்தான் இருக்கு."

என் அப்பா பயம் என்ற வார்த்தையைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை. மையத்தில் பத்து நாள் இருந்து, மாத்திரை ஊசி போட்டுக்கொண்டு, அதன் பிறகு மாலை போடலாம் என்றேன். ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை.

"தெருவுல ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. நான் செத்தாலும் தெரியக் கூடாது. சத்தியம் பண்ணு."

தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

கூடங்குளத்தில் பத்து நாள் பூச்சு வேலை என்று ஊரில் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அம்மா முகத்தை ஒரு முழத்துக்குத் தூக்கி வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட வந்தாள். மையத்தில் புதிதாக வருகிறவர்களுக்குப் படிவம் நிரப்புவது என் வேலை. நான் அவர் மகள் என்று அங்கேயும் சொல்லவில்லை. மற்ற ஊழியர்கள் முன்னால், மேசைக்கு அந்தப் பக்கம் அப்பாவும் இந்தப் பக்கம் நானும் உட்கார்ந்தோம்.

"எத்தனை வருஷமாகக் குடிக்கிறீங்க?"

"கல்யாணத்துக்கு முந்தியே, மேடம்."

"கடைசியாகக் குடிச்சது?"

"இன்னைக்குக் காலையில. பஸ் ஏறுததுக்கு முன்னாடி."

"குடும்பத்தில் யார் யார்?"

"பொண்டாட்டி. ஒரே ஒரு மவ." கண்ணை என்மேல் வைக்காமல் சொன்னார். "நல்லாப் படிப்பா, மேடம்."

என் கையெழுத்து அந்த வரியில் மட்டும் கோணலாக இருக்கும். படிவம் இன்றும் அந்த அலமாரியில்தான் இருக்கிறது.

பத்து நாளும் அவர் என்னை மேடம் என்றார். நான் களப்பணி இல்லாத நாட்களிலும் ஏதாவது சாக்குச் சொல்லிப் போய் நின்றேன். மூன்றாம் நாள் விரல் நடுங்கியது, வேர்த்தது, அவ்வளவுதான். சுவரில் எதுவும் ஊரவில்லை. பெரியப்பா வரவில்லை. சாயங்காலம் கதவைப் பூட்டிவிட்டுக் கிளம்பும்போது கம்பிக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர்களில் ஒருவராக நிற்பார். பெற்ற அப்பாவை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் பேருந்துக்கு நிற்கிற பாவம் எனக்கு. சாவியை ஒப்படைத்த பிறகும் உள்ளங்கையில் அதன் வாடை போகாது.

வெளியே விடுகிற அன்று மையத்தின் ஆலோசகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கடற்கரை ஊர்க்காரர், முன்பு படகில் மீன்பிடிக்கப் போனவர், ஒரு காலத்தில் அவரும் அதே கம்பிக்குப் பின்னால் கிடந்தவர்தான். எல்லாருக்கும் அண்ணாச்சி.

"உங்கப்பா கையப் பாத்தியளா? அசையாம நிக்கி."

எப்போது கண்டுபிடித்தார் என்று நான் கேட்கவில்லை.

மறுநாளே அப்பா குலசைக்குப் போய் மாலை போட்டு வந்தார். குடிலில் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் வழக்கம்போலக் கூட்டம் கூடியது. கொட்டு அடித்தார்கள். சூடம் கொளுத்தினார்கள். அப்பா சம்மணம் போட்டு, முழங்காலில் கையை வைத்து உட்கார்ந்திருந்தார். பூசின சுவர் மாதிரி அசைவே இல்லை. அரை மணி நேரம் போயிற்று. கொட்டுக்காரருக்கே கை வலித்துவிட்டது.

"விரதத்துல என்னமோ கொறை இருக்கு" என்றது ஒரு குரல்.

"கூடங்குளத்துல போயி என்னத்தத் தின்னாரோ" என்றது இன்னொன்று.

எதிர்வீட்டு அத்தை அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். முன்வரிசையில், தட்டை ஏந்தியபடி பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி காத்திருந்தாள். இடுப்பில் பிள்ளை.

"தாயே, எம் புருசன் பொழுதன்னைக்கும் குடிச்சுக்கிட்டே கெடக்காரு. எப்பம் விடுவாரு? ஒரு வாக்குச் சொல்லு தாயே."

அப்பா அவளைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு ஆட ஆரம்பித்தார்.

நான் அந்த நடுக்கத்தை எத்தனை பேரிடம் பார்த்திருக்கிறேன்! அது விரல் நுனியில்தான் தொடங்கும். அப்பாவுக்குத் தோளில் தொடங்கியது. கூட்டம் குலவையிட்டது. அம்மாவின் முகம் மலர்ந்தது. போகட்டும், யாருக்கு என்ன நஷ்டம் என்று நானும் நினைத்தேன். ஒரு நிமிடம்தான் நினைத்தேன்.

"நாளைக்கே அவனுக்கு மாலையப் போடு!" என்றார் அப்பா. "எங்கிட்ட வந்தா ஒரே நாளுல விட்டுருவான்!"

அந்தப் பெண் விபூதியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வெளியே நடந்தாள். நான் பின்னாலேயே ஓடி, தெருமுனையில் அவளைப் பிடித்தேன்.

"யக்கா, உங்க வீட்டுக்காரர் காலையில எந்திரிச்சதும் குடிப்பாரா? கை நடுங்குமா?"

"ஆமா. டம்ளர் நிக்காது. அதுக்கென்ன?"

"அவர மொதல்ல டாக்டர்ட்ட காட்டணும். ஒரேயடியா நிறுத்துனா உயிருக்கு ஆபத்து."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீ சாமியாடுதவிய மவதான? உங்கப்பா ஒரேயடியா நிறுத்திட்டு மாலை போடலியா? அவியளுக்கு என்ன ஆச்சு?"

சொல்லலாம், சொல்லக் கூடாது என்று யோசிக்கக்கூட நேரமில்லை. பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டு அவள் கிளம்பப் பார்த்தாள்.

"எங்கப்பா பத்து நாளு ஆஸ்பத்திரியில மாத்திரை போட்டுட்டுத்தான் மாலை போட்டாவ. கூடங்குளத்துக்குப் போகல."

அவள் என்ன செய்வாள் என்று எதிர்பார்த்தேனோ, அதைச் செய்யவில்லை. விறுவிறுவென்று குடிலுக்குத் திரும்பிப் போனாள். நான் சொன்னது உண்மைதானா என்று சாமியிடம் கேட்க.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு நான் போய்ச் சேர்வதற்குள் கேட்டுவிட்டிருந்தாள். மாத்திரை, ஆஸ்பத்திரி என்று அவள் சொன்ன வார்த்தைகள் குடிலுக்குள் நின்றன. கொட்டு நின்றுவிட்டது. எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா ஆடிக்கொண்டே என்னைத் தேடினார். கண்டதும் ஆட்டம் நின்றது. ஒரு வார்த்தை போதும் அவருக்கு. 'பொய்' என்று சாமி சொன்னால் மறுபேச்சு பேச அந்தத் தெருவில் ஆள் இல்லை. நான் கையைக்கூடக் கூப்பவில்லை. வெறுமனே நின்றேன்.

"நெசந்தான்" என்றார். சாமியின் குரலில் அல்ல, அவருடைய சொந்தக் குரலில். "மவ சொல்லுதது நெசந்தான். அவர மொதல்ல அங்கன கூட்டிட்டுப் போங்க. மாலையெல்லாம் பொறவு பாத்துக்கிடலாம்."

சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டியிருந்தவர்கள் ஒவ்வொருவராக எடுத்து மாட்டிக்கொண்டார்கள். எதிர்வீட்டு அத்தை தன் தேங்காயைத் தட்டிலிருந்து எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

அப்பா நாற்பத்தோரு நாளும் குடிலில் இருந்தார். வாக்குக் கேட்க யாரும் வரவில்லை. அந்த வருடம் காளி வேஷம் வேறு ஒருவருக்குப் போயிற்று. அப்பா கூட்டத்தோடு கூட்டமாக நடந்து குலசைக்குப் போய்க் காப்பை அறுத்துவிட்டு வந்தார். பிறகும் பதினோரு நாள் குடிக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் வாசலில் விழுந்து கிடந்தார். அம்மா தூக்கவில்லை. நான்தான் தூக்கி உட்காரவைத்தேன். அவர்மேல் கத்தக் கூடாது என்று நினைத்தேன், ஆனாலும் கத்தினேன். படித்த படிப்பெல்லாம் அந்த நேரம் எங்கே போயிற்றோ.

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"குடிச்சாலும் குடிகாரன், குடிக்காட்டாலும் குடிகாரன்னு ஆக்கிட்டியட்டி. இனி யாருக்காக நான் நிறுத்தணும்?"

படிப்பு முடிந்து இப்போது அதே மையத்தில் வேலை பார்க்கிறேன். அன்று வாக்குக் கேட்க வந்த பெண்ணின் புருஷன் மாதம் ஒருமுறை மாத்திரை வாங்க வருகிறார். வரும்போதெல்லாம் வாழைப்பழம் கொண்டுவருவார். "உங்கப்பா சாமி சொன்ன வாக்குலதான் மேடம் பொழைச்சேன்" என்பார். அப்பாவை இரண்டு முறை மையத்துக்குக் கூட்டிப் போகப் பார்த்தேன், பேருந்து நிறுத்தம்வரை வந்துவிட்டுத் திரும்பிவிட்டார். இந்த வருடம் அவர் மாலை போடவில்லை. போடச் சொல்லி அம்மா கேட்கவும் இல்லை.